ஆண்டவர் இரங்குகிறார், நான் என்னிடம் இரங்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தேவன் இரக்கமுள்ளவர் என்பதில் விசுவாசிகள் பெரும்பாலோருக்குச் சந்தேகம் இல்லை. அந்த இரக்கம் தனக்கும் உண்டா என்பதில்தான் இழுபறி. பக்கத்து வீட்டுக்காரர் தவறிவிட்டால் "ஆண்டவர் மன்னிப்பார், கவலைப்படாதீங்க" என்று தேற்றுகிறவரே, தான் தவறிவிட்டால் தன்னைப் போட்டு வறுத்தெடுத்துவிடுவார். ஜெபக்கூட்டம் முடிந்து மற்றவர்கள் கலைந்த பிறகு, ஓரமாக நின்று தயங்கித் தயங்கி இப்படிப்பட்டவர்கள் கேட்கிற கேள்விகள் இவை. வசனங்கள் சபைகளில் பரவலாக வாசிக்கப்படும் பழைய தமிழ் வேதாகமத்திலிருந்து எடுக்கப்பட்டவை.

என்னிடம் நானே தயவாக நடந்துகொள்வது சுயநலம் ஆகாதா? "தன்னைத் தான் வெறுத்து" என்றுதானே இயேசு சொன்னார்?

சொன்னார். எந்தச் சந்தர்ப்பத்தில் சொன்னார் என்று பார்த்தால் குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும். மத்தேயு 16-ஆம் அதிகாரத்தில், தாம் எருசலேமுக்குப் போய்ப் பாடுபட்டுக் கொல்லப்படப் போவதை இயேசு சீஷர்களுக்குச் சொல்கிறார். பேதுரு அவரைத் தனியே அழைத்துக்கொண்டு போய், இது உமக்கு நேரிடக்கூடாது என்று கடிந்துகொள்கிறார். அதைத் தொடர்ந்துதான் அந்த வசனம் வருகிறது. உன் திட்டத்தையும் உன் பாதுகாப்பையும் உன் பிடிவாதத்தையும் விட்டுவிட்டு என் பின்னால் வா என்பதே அங்கே பேச்சு. உன்னையே கேவலமாக நினைத்துக்கொள் என்று அந்தப் பகுதியில் எங்கேயும் இல்லை.

இன்னும் ஒன்று உண்டு. காலையிலிருந்து ராத்திரி வரை தன்னைத் திட்டிக்கொண்டே இருப்பவர் தன்னை மறந்துவிட்டார் என்றா சொல்வீர்கள்? அவருக்கு வேறு நினைப்பே கிடையாது. பக்கத்தில் ஒருவர் அழுதுகொண்டிருந்தாலும் கண்ணில் படாது. "உன்னிடத்தில் நீ அன்புகூருவதுபோலப் பிறனிடத்திலும் அன்புகூருவாயாக" என்ற கட்டளை லேவியராகமம் 19-இல் உள்ளது. இயேசு அதை எடுத்துப் பேசினார். அதில் தன்னை நேசிப்பது தனிக் கட்டளையாகக்கூட வரவில்லை. அது ஏற்கெனவே இருக்கிறது என்று வைத்துக்கொண்டு, அதே அளவில் பிறனையும் பார் என்கிறது. "தன் சொந்த மாம்சத்தைப் பகைத்தவன் ஒருவனுமில்லையே" என்று பவுலும் எபேசியர் 5-இல் சர்வ சாதாரணமாக எழுதிவிட்டுப் போகிறார். தன்னைப் பகைப்பதை ஒரு புண்ணியமாக அவர் கற்பனைகூடச் செய்யவில்லை போலிருக்கிறது.

பழைய ஏற்பாட்டில் வரும் தேவன் கோபக்காரர்தானே?

கோபம் உண்டு, மறைப்பதற்கில்லை. ஆனால் அவர் தம்மை எப்படி அறிமுகப்படுத்திக்கொள்கிறார் என்பதையும், எப்போது அப்படிச் செய்கிறார் என்பதையும் பாருங்கள். மோசே மலைமேல் இருக்கும்போதே கீழே ஜனங்கள் பொன் கன்றுக்குட்டியைச் செய்து கும்பிட்டுவிட்டார்கள். இறங்கி வந்த மோசே, கற்பலகைகளை எறிந்து உடைத்துப்போட்டார். இரண்டாந்தரம் பலகைகளை இழைத்து எடுத்துக்கொண்டு அவர் திரும்ப மலையேறுகிறபோதுதான் அந்த அறிவிப்பு வருகிறது: "கர்த்தர், கர்த்தர், இரக்கமும், கிருபையும், நீடிய சாந்தமும், மகா தயையும், சத்தியமுமுள்ள தேவன்." யாத்திராகமம் 34:6. ஜனங்கள் ஒழுங்காக இருந்த ஒரு நல்ல நாளில் சொல்லப்பட்டதல்ல இது. குற்றவாளியைக் குற்றமற்றவனாக விடாதவர் என்பதும் அடுத்த வசனத்திலேயே இருக்கிறது. ஆனாலும் முதலில் வருவது இரக்கம்.

இந்த வரி அதன்பின் வேதாகமம் நெடுக எதிரொலிக்கிறது. எண்ணாகமம் 14, நெகேமியா 9, சங்கீதங்கள் 86, 103, 145, யோவேல் 2 என்று எத்தனையோ இடங்களில் வருகிறது. யோனா அதை ஒரு புகாராகவே சொல்கிறார். நீர் இரக்கமுள்ளவர் என்று தெரிந்துதானே நான் தர்ஷீசுக்கு ஓடினேன் என்று தேவனிடமே சண்டைக்குப் போகிறார். இரக்கம் எதிரியான நினிவே பட்டணத்துக்குக் கிடைத்தால் அவருக்குக் கோபம். நம்மில் பலருக்கோ அது நமக்கே கிடைத்தால் கோபம் வருகிறது.

சங்கீதம் 103-இல் இரக்கத்துக்கான காரணமும் சொல்லப்படுகிறது: "நம்முடைய உருவம் இன்னதென்று அவர் அறிவார்; நாம் மண்ணென்று நினைவுகூருகிறார்." நாம் மண் என்பதை அவர் மறப்பதில்லை. மறந்துவிடுவது நாம்தான். களைப்பும் மறதியும் பயமும் எரிச்சலும் நமக்கு வரவே கூடாது என்று எதிர்பார்த்து, வந்தவுடன் அதிர்ச்சி அடைகிறோம். இந்தப் பக்கத்தில் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது இதைத்தான்: நம் விஷயத்தில் ஆண்டவரைவிடக் கறாரான நீதிபதியாக உட்கார நமக்கு அதிகாரம் கிடையாது.

கொஞ்ச நாளாக ஜெபிக்கவே முடியவில்லை. வேதத்தைத் திறந்தால் எழுத்து மனதில் ஏறவில்லை. இது அவிசுவாசமா?

இருக்கலாம், ஆனால் முதலில் அங்கே போகாதீர்கள். தீர்க்கதரிசி எலியாவைப் பாருங்கள். 1 இராஜாக்கள் 18-இல் கர்மேல் மலைமேல் அக்கினி இறங்கிய மாபெரும் வெற்றி. அடுத்த அதிகாரத்தில் ராணி யேசபேல் ஒரு மிரட்டல் அனுப்பியதும் உயிர் தப்ப ஓடுகிறார். பெயெர்செபாவில் வேலைக்காரனை விட்டுவிட்டு, வனாந்தரத்தில் ஒரு நாள் தூரம் தனியாக நடந்து, ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து சொல்கிறார்: "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும், நான் என் பிதாக்களைப் பார்க்கிலும் நல்லவன் அல்ல."

கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். அவரைக் கொல்லத் தேடுகிறவள் யேசபேல். அவர் பேசுவதோ தன் தகுதியைப் பற்றி. முன்னோரோடு தன்னை ஒப்பிட்டு, தான் தேறவில்லை என்று தனக்கே மார்க் போட்டுக்கொள்கிறார். உடம்பு ஓய்ந்துபோன மனிதர் இப்படித்தான் பேசுவார். விஷயம் ஒன்றாக இருக்கும், தீர்ப்பு வேறொன்றின்மேல் விழும்.

தேவன் என்ன செய்தார்? புத்தி சொல்லவில்லை. "நேற்று அக்கினியைப் பார்த்தவன் இன்றைக்கு இப்படிப் பேசலாமா" என்று கேட்கவில்லை. எலியா தூங்கிவிடுகிறார். ஒரு தூதன் வந்து தட்டி எழுப்பி "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்கிறான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் இருக்கின்றன. சாப்பிட்டுவிட்டுத் திரும்பவும் படுத்துவிடுகிறார். அதற்கும் திட்டு இல்லை. இரண்டாந்தரம் தூதன் எழுப்பிச் சொல்வது: "நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்." அதாவது உன்னால் முடியவில்லை என்பது எனக்குத் தெரியும், அதனால் சாப்பிடு. ஓரேப் மலையில் தேவனோடு நடக்கும் பெரிய பேச்சு எல்லாம் இதற்குப் பிறகு, நாற்பது நாள் நடைக்கு அப்பால்தான்.

ஆகவே, ஜெபம் வரவில்லை என்றால் முதலில் தூக்கத்தைப் பாருங்கள். வேளைக்குச் சாப்பிட்டீர்களா என்று பாருங்கள். கைக்குழந்தையோடோ நோயாளியோடோ ராத்திரி கண்விழிக்கிறீர்களா? துக்கவீடா? வேலை இல்லாத கவலையா? உடம்பின் களைப்பை ஆவிக்குரிய தோல்வி என்று எழுதிவைத்துக்கொண்டு அதற்காக மனந்திரும்பிக்கொண்டிருந்தால், களைப்பு தீராது. குற்ற உணர்வு மட்டும் கூடும். சீஷர்கள் ஊழியம் முடித்துச் சாப்பிடக்கூட நேரமில்லாமல் வந்து நின்றபோது, "தனித்துச் சற்றே இளைப்பாறும்படி" போவோம் வாருங்கள் என்றுதான் இயேசுவும் அழைத்தார் (மாற்கு 6:31).

ஜெபிக்க உட்கார்ந்தால் தூங்கிவிடுகிறேன். வெட்கமாக இருக்கிறது.

குழந்தை இயேசுவின் தெரேசம்மாளுக்கும் இதே பாடுதான். 1873-இல் பிறந்து, பிரான்சின் லிசியே நகரில் கார்மேல் மடத்தில் சேர்ந்து, 24 வயதில் காசநோயால் இறந்தவர். ஜெப நேரத்தில் தூங்கிவிடுவதைப் பற்றி அவரே எழுதியிருக்கிறார். குழந்தைகள் விழித்திருந்தாலும் தூங்கினாலும் பெற்றோருக்குப் பிரியமானவர்கள்தானே என்றும், அறுவை சிகிச்சைக்கு முன் மருத்துவர்களே நோயாளியைத் தூங்கவைக்கிறார்கள் என்றும் சொல்லிவிட்டு, நாம் மண் என்று ஆண்டவர் நினைவுகூருகிறார் என்ற அதே 103-ஆம் சங்கீத வசனத்தில் போய் முடிக்கிறார். திருச்சபை அவரைப் புனிதர் என்கிறது. நீங்களும் கொஞ்சம் முன்னதாகப் படுங்கள்.

மன்னிப்புக் கேட்டுவிட்டேன். மன்னித்தார் என்றும் நம்புகிறேன். ஆனாலும் குற்ற உணர்வு போகவில்லையே?

மன்னிப்பு என்பது தேவன் எடுக்கிற முடிவு. குற்ற உணர்வு என்பது உங்கள் மனமும் உடம்பும் பழகிப்போன ஒன்று. இரண்டும் ஒரே நாளில் ஒன்றாகப் போகும் என்று எந்த வசனமும் வாக்குக் கொடுக்கவில்லை. யோவான் இதை முன்கூட்டியே யோசித்திருக்கிறார்: "நம்முடைய இருதயமே நம்மைக் குற்றவாளிகளாகத் தீர்க்குமானால், தேவன் நம்முடைய இருதயத்திலும் பெரியவராயிருந்து சகலத்தையும் அறிந்திருக்கிறார்" (1 யோவான் 3:20). இருதயம் குற்றவாளி என்று சொல்லும் நாட்கள் விசுவாசிக்கும் வரும் என்பது இதில் அடங்கியிருக்கிறது. அந்த நாளில் கடைசி வார்த்தை இருதயத்துடையது அல்ல.

லூக்கா 15-இல், தகப்பனை விட்டுப்போய்ச் சொத்தை அழித்த இளையகுமாரன் பன்றிகளுக்கு நடுவே உட்கார்ந்து ஒரு பேச்சைத் தயாரிக்கிறான். அதில் மூன்று பகுதி: பாவஞ்செய்தேன், உம்முடைய குமாரன் எனப்பட நான் பாத்திரன் அல்ல, உம்முடைய கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருப்பான். ஆனால் அவன் தூரத்தில் வரும்போதே தகப்பன் கண்டு, மனதுருகி, ஓடிவந்து கட்டிக்கொள்கிறார். மகன் முதல் இரண்டையும் சொல்லிவிடுகிறான். மூன்றாவது வருவதற்குள் தகப்பன் வேலைக்காரர்களைக் கூப்பிட்டு வஸ்திரம், மோதிரம், பாதரட்சை என்று ஆணையிட ஆரம்பித்துவிடுகிறார். கூலிக்காரன் வேலை பேச்சிலேயே வரவில்லை.

நீங்கள் எந்தப் பகுதியில் நிற்கிறீர்கள் என்று பாருங்கள். "பாவஞ்செய்தேன்" என்பது உண்மை, சொல்லத்தான் வேண்டும். பலர் அதைச் சொல்லிவிட்டு, வீட்டுக்குள் வந்த பிறகும் கொல்லைப்புறத்தில் கூலிக்காரனாகவே இருந்துகொள்கிறேன் என்று அடம்பிடிக்கிறார்கள். சந்தோஷப்படக் கூடாது, பாராட்டை ஏற்கக் கூடாது, எல்லோருக்கும் கடைசியில்தான் உட்கார வேண்டும் என்று தங்களுக்கே தண்டனை எழுதிக்கொள்கிறார்கள். பார்க்கத் தாழ்மை போல இருக்கும். தகப்பன் போட்ட வஸ்திரத்தைக் கழற்றி மடித்துத் திருப்பிக் கொடுப்பதற்கு வேறு பெயர் வைக்கலாம்.

மனசாட்சி உணர்த்துவது எது, வீணாகக் குற்றஞ்சாட்டும் குரல் எது என்று எப்படிப் பிரித்தறிவது?

ஒரு உதாரணம் வைத்துப் பார்ப்போம். தோழியின் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தார். நாளை போகலாம், நாளை போகலாம் என்று தள்ளிப்போட்டீர்கள். அவர் இறந்துவிட்டார். அன்று ராத்திரி படுத்தால் மனதில் இரண்டு விதமாகப் பேச்சு கேட்கும். ஒன்று: "அவளுக்கு நீ தேவைப்பட்டபோது போகவில்லை. நாளைக்குப் போய் அவளோடு உட்கார். வராமல் போனதற்கு மன்னிப்புக் கேள்." மற்றொன்று: "நீ எப்பவுமே இப்படித்தான். யாருக்கும் நீ உண்மையாக இருந்ததில்லை. உன்னைப் போல ஒருத்தி ஜெபித்து என்ன பிரயோஜனம்?"

முதலாவது வலிக்கும், ஆனால் நடந்த ஒன்றைச் சுட்டிக்காட்டி, செய்யவேண்டிய ஒன்றைக் கையில் கொடுக்கும். இரண்டாவது எதையும் குறிப்பாகச் சொல்லாது. எப்பவுமே, ஒருபோதும், யாருக்குமே என்று உங்கள் முழு வாழ்க்கையையும் ஒரே வீச்சில் அள்ளிப்போடும். கேட்டு முடித்தபின் தோழியின் வீட்டுக்குப் போகவும் முகம் இருக்காது. தேவனுக்கேற்ற துக்கம் மனந்திரும்புதலை உண்டாக்குகிறது, லௌகிக துக்கமோ மரணத்தை உண்டாக்குகிறது என்று 2 கொரிந்தியர் 7:10-இல் பவுல் பிரித்துக் காட்டுவது இந்த வித்தியாசத்தைத்தான்.

உயிர்த்தெழுந்த இயேசு பேதுருவை நடத்திய விதம் இதற்கு நல்ல மாதிரி. பிரதான ஆசாரியனின் வீட்டு முற்றத்தில், கரிநெருப்பு மூட்டிக் குளிர்காய்ந்துகொண்டிருந்தவர்களோடு நின்றபடிதான் பேதுரு, இயேசுவைத் தெரியாது என்று மூன்று முறை மறுதலித்தார் (யோவான் 18). யோவான் 21-இல், ராத்திரி முழுவதும் வலைபோட்டு விடியற்காலையில் கரைக்கு வரும்போது மறுபடியும் கரிநெருப்பு. மேலே மீன், பக்கத்தில் அப்பம். அந்த நெருப்பைப் பார்த்தவுடன் பேதுருவுக்கு என்ன ஞாபகம் வந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் இயேசு முதலில் அழைத்தது சாப்பிடத்தான்: "வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்." சாப்பிட்ட பிறகுதான் பேச்சு. அந்தப் பேச்சும் தவறை மூடிமறைக்கவில்லை. மூன்று மறுதலிப்புக்கு, என்னை நேசிக்கிறாயா என்று மூன்று கேள்வி. மூன்றாவது கேள்வியில் பேதுரு துக்கப்படுகிறார். வலித்தது. ஆனால் ஒவ்வொரு கேள்விக்கும் பின்னால் ஒரு பொறுப்பு வருகிறது: என் ஆட்டுக்குட்டிகளை மேய்ப்பாயாக, என் ஆடுகளை மேய்ப்பாயாக. "ஏன் அப்படிச் செய்தாய்" என்ற கேள்வி ஒரு முறைகூட வரவில்லை.

நம்மிடமே மென்மையாக இருந்தால் ஒழுக்கம் தளர்ந்துபோகாதா? கண்டிப்பு இருந்தால்தானே திருந்துவோம்?

இப்படித்தான் நம்மை வளர்த்திருக்கிறார்கள், அதனால் சந்தேகம் நியாயமானது. ஆனால் சோதித்துப் பார்த்தவர்களின் முடிவு வேறு மாதிரி இருக்கிறது. கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், முதல் தேர்வுக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்ட மாணவர்கள், அடுத்த தேர்வுக்குக் குறைவாகவே தள்ளிப்போட்டார்கள். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்திலிருந்து 2012-இல் வந்த ஆய்வும் இதே திசையில்தான்: கடினமான ஒரு தேர்வில் சறுக்கியபின் தங்களைப் பரிவோடு பார்க்கும்படி சொல்லப்பட்டவர்கள், மறுதேர்வுக்கு மற்றவர்களைவிட அதிக நேரம் படித்தார்கள். காரணம் ஊகிக்கக் கூடியதே. தவறு செய்தால் அடி விழும் என்றால் மனம் தவறைப் பார்க்கவே மறுக்கும். அடி விழாது என்று தெரிந்தால் பக்கத்தில் போய்ப் பார்க்கும்.

இதை நானூறு வருஷத்துக்கு முன்பே ஒரு மேய்ப்பர் கண்டுகொண்டார். 1602 முதல் 1622-இல் இறக்கும்வரை ஜெனீவாவின் ஆயராக இருந்த பிரான்சிஸ் சலேசியார், ஆன்ம ஆலோசனை தேடி வந்தவர்களுக்குச் சொன்ன முக்கியமான ஒன்று, உங்களிடம் நீங்களே சாந்தமாக இருங்கள் என்பது. கோபப்பட்டுவிட்டு, கோபப்பட்டதற்காக இன்னொரு முறை கோபப்படுகிறவர்களை அவர் நன்றாகவே கவனித்திருக்கிறார். இரண்டாவது கோபம் முதலாவதைத் தணிப்பதில்லை, அடுத்ததற்கு வழிவைக்கிறது என்பார். தகப்பன் ஆத்திரத்தோடு அடிப்பதைவிட அன்போடு கண்டிப்பதுதான் பிள்ளையைத் திருத்தும், நம் இருதயத்துக்கும் அதேதான் என்பது அவர் வாதம். விழுந்தால், ஐயோ என் ஏழை இருதயமே, விழமாட்டோம் என்று அவ்வளவு உறுதியாக இருந்த குழியிலேயே விழுந்துவிட்டோமே, சரி, எழுந்திருப்போம் என்கிற தொனியில் பேசச் சொல்கிறார். கண்டிப்பு அங்கே உண்டு. சத்தம்தான் இல்லை.

நான் இன்னொருவருக்குச் செய்த தீங்குக்கும் இது பொருந்துமா? நான் என்னை மன்னித்துவிட்டால் அவர் பாடு என்ன?

நல்ல கேள்வி, பலர் கேட்பதில்லை. தேவன் மன்னித்துவிட்டார், நானும் என்னை மன்னித்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டு, பாதிக்கப்பட்டவரின் முன்னால் லேசாக நடந்துபோகிறவர்கள் உண்டு. இரக்கத்தைப் பற்றிய போதனைக்கு அவர்களால்தான் கெட்டபெயர்.

வரி வசூலிப்பவனான சகேயுவின் வீட்டுக்கு இயேசு தாமாகவே போய்த் தங்கினார். முன்நிபந்தனை எதுவும் வைக்கவில்லை. அந்த இரக்கம் உள்ளே போனதும் சகேயு எழுந்து நின்று, ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாய்த் திரும்பச் செலுத்துகிறேன் என்கிறான் (லூக்கா 19). வரிசை முக்கியம். இரக்கம் முதலில், பணம் திரும்புவது பிறகு. ஆனால் பணம் திரும்பியது.

நீங்கள் செய்யக் கூடியது: வாங்கியதைக் கொடுப்பது, சொன்ன பொய்யைத் திருத்திச் சொல்வது, "ஆனால்" என்ற வார்த்தை இல்லாமல் மன்னிப்புக் கேட்பது. அவர் மன்னிக்க வேண்டும் என்று வற்புறுத்த உங்களுக்கு உரிமை இல்லை. உங்களைப் பார்க்கவே விரும்பவில்லை என்றால் அதையும் மதிக்க வேண்டும். உங்களை நீங்கள் தினமும் வதைத்துக்கொள்வதால் அவருக்கு ஒரு ரூபாயும் திரும்பக் கிடைக்கப்போவதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

பக்திப் பாடல்களே "நான் புழு, நான் நாய்" என்றுதானே பாடுகின்றன? பக்தர்கள் தங்களைத் தாழ்த்திக்கொண்டதும் தப்பா?

"நானோ ஒரு புழு, மனுஷனல்ல" என்று சங்கீதம் 22 பாடுகிறது. தமிழில் இந்த மரபு இன்னும் ஆழமானது. மாணிக்கவாசகர் திருவாசகம் முழுக்கத் தன்னை நாய் என்று சொல்லிக்கொண்டே போகிறார். ஆனால் அந்த அடிகளை முழுதாகப் படியுங்கள்: "நாயிற் கடையாய்க் கிடந்த அடியேற்குத் தாயிற் சிறந்த தயாவான தத்துவனே." நாயைவிடக் கீழாய்க் கிடந்தேன் என்ற பேச்சு அங்கே நிற்கவில்லை, தாயைவிடச் சிறந்த தயவு என்பதில்தான் போய் நிற்கிறது. கிறிஸ்தவ மிஷனரியான ஜி.யு.போப் தன் முதுமையில் உட்கார்ந்து திருவாசகத்தை ஆங்கிலத்தில் பெயர்த்து 1900-இல் வெளியிட்டார் என்றால், இந்த உருக்கத்துக்குச் சமயவேலி தடையாக இல்லை என்றுதானே அர்த்தம்?

சங்கீதம் 22-உம் புழுவோடு முடியவில்லை. கர்த்தர் உபத்திரவப்பட்டவனின் கூப்பிடுதலைக் கேட்டார் என்று ஏறிப்போகிறது. ராத்திரி படுக்கையில் நம்மை நாமே திட்டிக்கொள்ளும்போது நடப்பது வேறு. வாக்கியத்தின் முதல் பாதியை மட்டும் எடுத்து, எதிரில் யாரும் இல்லாமல், சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். பக்தர் பேசியது இன்னொருவரிடம்.

தகப்பன் என்றாலே எனக்குப் பயம். "பரமபிதா" என்று கூப்பிடவே மனம் வரவில்லை.

அடித்து வளர்த்த, அல்லது விட்டுவிட்டுப் போன தகப்பனைக் கண்டவர்களுக்கு இது இயல்பு. கட்டாயப்படுத்திக்கொள்ள வேண்டாம். வேதமே வேறு வாசல்களையும் திறந்து வைத்திருக்கிறது. "ஒருவனை அவன் தாய் தேற்றுவதுபோல் நான் உங்களைத் தேற்றுவேன்" என்கிறது ஏசாயா 66:13. 49-ஆம் அதிகாரம் இன்னும் ஒரு படி மேலே போய், தாய் மறந்தாலும் "நான் உன்னை மறப்பதில்லை" என்கிறது. தாயும் கைவிட்ட பிள்ளைகள் உண்டு என்பதும் அந்தத் தீர்க்கதரிசிக்குத் தெரிந்திருக்கிறது. மேய்ப்பர், கன்மலை, அடைக்கலம், எது உங்களுக்கு வாயில் வருகிறதோ அப்படிக் கூப்பிடுங்கள்.

ஒரே பாவத்தைத் திரும்பத் திரும்ப அறிக்கையிடுகிறேன். சரியாகச் சொன்னேனா, முழுமனதோடு சொன்னேனா என்று மறுபடியும் சந்தேகம். நிறுத்த முடியவில்லை.

இதை வெறும் ஆவிக்குரிய பிரச்சினையாக மட்டும் பார்க்காதீர்கள். இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார் 1522-இல் ஸ்பெயினின் மன்ரேசாவில் தங்கியிருந்தபோது இதே புயலில் சிக்கினார். அறிக்கையிட்டதையே திரும்ப அறிக்கையிட்டார், நிம்மதி வரவில்லை. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம்கூட வந்தது. நிம்மதி வரும்வரை சாப்பிடுவதில்லை என்று ஒரு வாரம் பட்டினி கிடந்தார். கடைசியில் அவரைச் சாப்பிட வைத்தது, பாவசங்கீர்த்தனம் கேட்ட குருவானவரின் கட்டளை. பழைய பாவங்களை மறுபடி அறிக்கையிடுவதில்லை என்று பின்னாளில் அவரே தீர்மானித்தார்.

இன்று மருத்துவம் இதை எண்ணச் சுழற்சி நோயின் ஒரு வகையாக அறிந்திருக்கிறது. சந்தேகம் வரும், அதைத் தணிக்க ஒரு ஜெபம் செய்வோம், கொஞ்சம் அமைதி வரும், உடனே இன்னும் பெரிதாகச் சந்தேகம் வரும். செய்யச் செய்ய வலுக்கும். சந்தேகத்தைத் தாங்கிக்கொண்டு, தணிக்கும் சடங்கைச் செய்யாமல் இருக்கப் படிப்படியாகப் பழக்கும் சிகிச்சை இதற்கு இருக்கிறது. தேவைப்பட்டால் மருந்தும் உண்டு. மனநல மருத்துவரிடம் போவது விசுவாசக் குறைவு அல்ல. கூடவே உங்கள் போதகரிடமும் சொல்லி, ஒரு பாவத்துக்கு ஒரே அறிக்கை என்று அவரோடு ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். செத்துப்போகலாம் என்ற எண்ணம் வருகிறதென்றால் இதைப் படித்துக்கொண்டிருக்காதீர்கள். இப்போதே பக்கத்தில் இருக்கும் ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், இன்றே மருத்துவரைப் பாருங்கள்.

சரி, தினமும் இதை எப்படிப் பழகுவது?

பெரிய திட்டம் வேண்டாம். முதலில், உங்களை நீங்கள் எந்த வார்த்தையால் திட்டுகிறீர்கள் என்று கவனியுங்கள். பால் பொங்கி வழிந்தால், சாவியை மறந்தால், மெயிலைத் தப்பான ஆளுக்கு அனுப்பினால், வாயிலிருந்து தானாக ஒரு வார்த்தை வரும். பெரும்பாலும் அது நீங்கள் உருவாக்கியது அல்ல. சின்ன வயதில் யாரோ உங்களைச் சொன்னது. யார் குரல் என்று அடையாளம் தெரிந்தாலே அதன் பலம் பாதி குறையும். ஆண்டவரின் குரல் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தது, கணக்கு வாத்தியாரின் குரலாக இருக்கலாம்.

அடுத்து, ராத்திரி ஜெபத்தில் வரிசையை மாற்றுங்கள். இன்றைக்கு நன்றாக நடந்த ஒன்றுக்காக முதலில் நன்றி. பிறகு தவறிய ஒன்று. ஒன்றே ஒன்று, பெயர் சொல்லி, ஒரு வாக்கியத்தில். அதற்கு நாளைக்குச் செய்யக் கூடியது ஏதாவது உண்டா என்று பாருங்கள். பிறகு ஆமென் சொல்லிவிட்டுப் படுங்கள். ஆமென்னுக்குப் பிறகு விசாரணை கிடையாது. "நானும் என்னைக்குறித்துத் தீர்ப்புச் சொல்லுகிறதில்லை" என்று பவுலே 1 கொரிந்தியர் 4:3-இல் வழக்கை மேல்கோர்ட்டுக்கு விட்டுவிட்டார்.

வீட்டில் பிள்ளைகள் இருந்தால் சத்தமாகப் பேசிப் பழகுங்கள். "ச்சே, நான் ஒரு முட்டாள்" என்று நீங்கள் உங்களைச் சொல்வதைக் கேட்டு வளர்கிற பிள்ளை, தன் பரீட்சைத்தாளைப் பார்த்து அதையே சொல்லும். "தப்பாப் போச்சு, துடைச்சிடலாம்" என்று நீங்கள் சொன்னால் அதையும் பிடித்துக்கொள்ளும்.

இதெல்லாம் கைவர எவ்வளவு காலம் ஆகும்?

நீண்ட காலம். இரக்கத்தை நேரில் பெற்றுக்கொண்டவர்களும் பழையபடி சறுக்கியிருக்கிறார்கள். அந்தக் கரையோரக் காலைக்கு வருஷங்கள் கழித்து, அந்தியோகியாவில் பேதுரு யூதரல்லாத புறஜாதியாரோடு ஒரே பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேம் சபையின் யாக்கோபினிடத்திலிருந்து யூதர் சிலர் வந்ததும், அவர்களுக்குப் பயந்து மெல்ல விலகிக்கொண்டார். கலாத்தியர் 2-இல் பவுல் இதை எழுதுகிறார். எல்லாருக்கும் முன்பாக முகத்துக்கு நேரே கண்டித்ததையும் எழுதுகிறார். முற்றத்தில் ஒரு வேலைக்காரியின் கேள்விக்குப் பயந்த அதே பேதுரு, அதே மனுஷபயம். ஆடுகளை மேய்க்கும் பொறுப்பு அவரிடமிருந்து திரும்பப் பெறப்பட்டதாக எந்த நிருபத்திலும் இல்லை.